கிணற்றடி ராட்டினம்

வடபழனியில் எங்கள் தெருக்கோடியில் ஓட்டு வீடு ஒன்று, சுற்றிலும் எழும்பிவிட்ட அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு, போன வருஷம் வரையில் நின்றிருந்தது. அதை இடிப்பதற்கு முன்னால் கதவு, ஜன்னல், உத்திரம் முதலிய சாமான்களை விலை பேசிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில், வேடிக்கை பார்க்கப் போன என்னோடு என் பேரனும் வந்து, கொல்லைக் கிணற்றின் மேல் துருவேறித் தொங்கிய இரும்புச் சக்கரத்தைச் சுட்டிக்காட்டி அது என்னவென்று கேட்டான். "ராட்டினம்" என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதுவா தாத்தா ராட்டினம்? இதுல எப்படி உட்கார்றது?" என்றான். பழைய இரும்பு வாங்க வந்தவர் உட்பட அங்கே நின்றிருந்த எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் தீவுத்திடல் பொருட்காட்சிக்கு அவனை அழைத்துப் போவதாகப் பல நாளாகச் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்த வாக்கை அந்த வாரமே நிறைவேற்றிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தச் சிரிப்பினால்தான்.

ராட்டினம் என்ற ஒரே சொல் நம் மொழியில் மூன்று வஸ்துக்களைச் சுமக்கிறது. கிணற்றில் நீர் சேந்தும் உருளை ஒன்று. பஞ்சை நூலாக்கும் கைராட்டினம் ஒன்று. திருவிழாவில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் சக்கரம் மற்றொன்று. வட தேசத்தில், மாலையாகக் கோத்த பாண்டங்களைக் கிணற்றுக்குள் இறக்கி, நீரை மொண்டு மேலே கொண்டுவந்து கொட்டும் சக்கரத்தை 'ரஹட்' என்கிறார்கள். ஸம்ஸ்கிருதத்தில் 'அரகட்டம்' என்று வழங்கிய சொல்லின் வழித்தோன்றல் அது. நிறைந்து ஏறுவதும் காலியாகி இறங்குவதுமாக ஓயாமல் சுற்றும் அந்தப் பாண்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவன், அவற்றுள் ஒன்றில் தன் குழந்தையை உட்காரவைத்து மனத்துக்குள் சுற்றிப் பார்ப்பதற்கு அபாரமான கற்பனை ஒன்றும் வேண்டியதில்லை. பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பிரயாணி, 1620-இல் துருக்கியர் ஆட்சியில் இருந்த பிலிப்போபோலிஸ் நகரில், அதாவது இன்றைய பல்கேரியாவின் பிளாவ்திவில், பண்டிகைக் கொண்டாட்டத்தின் நடுவே இத்தகைய நெட்டுச் சக்கரம் ஒன்றைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். சக்கரம் மேலும் கீழுமாகச் சுழன்றாலும் அதில் தொங்கிய சிறு ஆசனங்களில் இருந்த குழந்தைகள் தலைகீழாகாமல் நிமிர்ந்தே இருந்தது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்கு உவமை தேடியபோது, லண்டன் சுங்கத்துறையில் மூட்டை தூக்கும் சக்கரம்தான் அவர் ஞாபகத்துக்கு வந்தது. பிற்பாடு கம்பெனி உத்தியோகத்தில் சூரத்துக்கு வந்து சேர்ந்த அந்த மனிதர், முதலில் நம்முடைய கிணற்றங்கரையைப் பார்த்திருந்தாரானால் வேறு உவமை சொல்லியிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் வடபழனியும் ஒரு காலத்தில் கிணற்றங்கரைப் பிரதேசம்தான். புலியூர், சாலிக்கிராமம், விருகம்பாக்கம் என்று இன்று பஸ் நிறுத்தங்களின் பெயர்களாகவும் தபால் விலாசங்களாகவும் மட்டும் எஞ்சியிருப்பவை, ஏரியும் வயலும் கவலை இறைக்கும் கிணறுமாக இருந்த கிராமங்கள். கிழக்கே மயிலாப்பூர்ப் பக்கம் நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உண்டாக்கியது 1923-க்குப் பிறகுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அண்ணாசாமி நாயக்கர் ஒரு கீற்றுக் கொட்டகையில் பழனியாண்டவர் படத்தை வைத்து வழிபடத் தொடங்கியபோது, இந்த இடம் பட்டணத்துக்கு வெளியே இருந்தது. கொட்டகை கோயிலாயிற்று, கோயில் ஊருக்குப் பெயர் கொடுத்தது, 1948-இல் ஏவி.எம். காரைக்குடியிலிருந்து தன் ஸ்டூடியோவை இந்தப் பக்கம் கொண்டுவந்தது. வாகினியும் விஜயாவும் அரங்கங்களை எழுப்பி, 1957-இல் 'மாயா பஜார்' என்ற படத்தையே எடுத்து முடித்தன. ஆற்காடு சாலையில் ஏவி.எம். வாசலில் சுற்றிக்கொண்டே இருந்த பூகோள உருண்டையை, பஸ்ஸில் போகும்போது தலையைத் திருப்பிப் பார்க்காத பிள்ளை எங்கள் காலத்தில் கிடையாது.

ஆயினும் எங்களுக்கு அதைவிடப் பிரியமான சுழற்சி ஒன்று பங்குனி உத்திரத்திலும் ஆடிக் கிருத்திகையிலும் கோயில் பக்கத்துக் காலி மனையில் வந்து இறங்கும். இரண்டு மரக்கால்கள், நடுவே ஓர் அச்சு, அச்சைச் சுற்றி நான்கு பெட்டிகள். மோட்டாரும் இல்லை, விளக்கும் இல்லை. ராட்டினக்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கீழே வருகிற பெட்டியின் விளிம்பைப் பிடித்து அடுத்த பெட்டி வரும் வரையில் தள்ளிவிடுவார். அதுதான் இயக்கம். அச்சுக்கு விளக்கெண்ணெய் போடுவார். போட்ட சிறிது நேரத்திற்கெல்லாம் அது மறுபடியும் கவலை உருளையைப் போலக் கிறீச்சிடத் தொடங்கிவிடும். காசு வைத்திருந்தால் மட்டும் உடனே ஏறிவிட முடியாது என்பதுதான் அதில் விசேஷம். ஒரு பக்கம் ஒருவன் ஏறினால் எதிர்ப்பக்கம் அவனுக்கு ஈடான எடையுள்ள இன்னொருவன் ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் தள்ளுகிறவருக்குத் தோள்பட்டை போய்விடும். "எதிர்ப் பெட்டிக்கு ஓர் ஆள்! எதிர்ப் பெட்டிக்கு ஓர் ஆள்!" என்று அவர் கூவிக்கொண்டே இருக்க, நான் ஏறி உட்கார்ந்து, எனக்குச் சமமான ஒரு பையன் எங்கிருந்தாவது வந்து சேர வேண்டுமே என்று கூட்டத்தைப் பார்த்துக் காத்திருந்த நிமிஷங்கள், சுற்றிய நிமிஷங்களைக் காட்டிலும் தெளிவாக என் ஞாபகத்தில் இருக்கின்றன.

இங்கே நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். விவசாயக் கண்காட்சி என்பது குடியானவனுக்குப் புதிய கலப்பையைக் காட்டுவதற்காகச் சர்க்கார் கண்டுபிடித்த உபாயம்; அதற்கு ஜனங்கள் எப்பொழுதும் ராட்டினத்தைப் பார்க்கத்தான் போனார்கள். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகவே தோன்றுகிறது.

எங்களுக்குத் தென்கிழக்கே இரண்டு மூன்று மைலில் இருக்கிறது சைதாப்பேட்டை. 1860-களின் தொடக்கத்தில் சென்னை கவர்னராக இருந்த ஸர் வில்லியம் டெனிசன், நீராவிக் கலப்பை, விதை தூவும் யந்திரம், கதிரடிக்கும் யந்திரம், தூற்றும் யந்திரம் என்று ஏராளமான தளவாடங்களைச் சீமையிலிருந்து தருவித்தார். அவற்றைப் பரீட்சித்துப் பார்ப்பதற்காக 1865-இல் சைதாப்பேட்டையில் 350 ஏக்கரில் ஒரு சர்க்கார் பண்ணை ஏற்பட்டது. ராபர்ட்ஸன் என்பவர் மேற்பார்வையில் 1876-இல் அங்கே ஒரு விவசாயப் பள்ளியும் தோன்றி, 1906-இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மூலவேர் அதுவே. நீராவிக் கலப்பை மட்டும் நம் நிலத்தில் வேர்பிடிக்கவில்லை. சில காணித் துண்டுகளை ஒரு ஜோடி மாட்டைக் கொண்டு உழுகிறவனுக்கு, கரியும் கொதிகலனும் இரும்பு வடமும் வேண்டிய அந்தப் பூதம் எதற்கு? பிறகு ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ரசாயன நிபுணர் இந்தியா முழுவதும் சுற்றிப் பார்த்து 1893-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியக் குடியானவன் சராசரி ஆங்கிலேய விவசாயிக்குச் சளைத்தவன் அல்லன், சில அம்சங்களில் மேலானவனும்கூட என்று எழுதினார். தெரிந்ததைக் கற்றுக்கொள்ளும்படி அழைத்தால் குடியானவன் கண்காட்சியில் வேறு எதைத்தான் பார்ப்பான்?

இந்த ரகசியத்தை முதலில் அறிந்துகொண்டவர் டாக்டர் எட்வர்டு பால்ஃபர் என்று சொல்லலாம். 1855-இலும் 1857-இலும் சென்னையில் பொருட்காட்சிகள் நடந்தன. தென்னாட்டின் தானியம், பருத்தி, சாயம், மரம், நெசவு எல்லாவற்றையும் ஜூரிகள் பரிசீலித்து அறிக்கைகள் அச்சிட்டார்கள். அந்தச் சமயத்தில் எழும்பூர் மியூசியத்தின் பொறுப்பில் இருந்த பால்ஃபர், கல்லையும் சங்கையும் பார்க்க வராத ஜனங்கள், உயிருள்ள மிருகங்களை அங்கே வைத்தவுடன் திரள்திரளாக வருவதைக் கண்டார். ஆற்காட்டு நவாபையும் இணங்கச் செய்து அவரிடமிருந்த மிருகங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். சென்னையின் மிருகக்காட்சிசாலை பிறந்த கதை இது. புலியைப் பார்க்க வந்தவன் போகிற வழியில் சங்கையும் பார்த்துவிட்டுப் போவான் என்ற இந்தத் தத்துவத்தைத்தான், பிற்காலத்தில் பொருட்காட்சி போட்ட ஒவ்வொருவரும், பால்ஃபரின் பெயரைக் கேட்காமலே கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நானும் பேரனும் வடபழனியில் மெட்ரோ ரயில் ஏறினோம். சென்ட்ரலுக்குப் போகும் அந்த வண்டி, பொருட்காட்சிகளின் சரித்திரத்தை ஊடுருவிக்கொண்டே போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் கோயம்பேடு: கொத்தவால் சாவடியிலிருந்து 1996-இல் பெயர்ந்து வந்த காய்கனி அங்காடி. பரிசுச் சீட்டும் ஜூரியும் இல்லாமல் நித்தியமும் நடக்கிற விவசாயக் கண்காட்சி அதுதான். விடியற்காலையில் லாரியிலிருந்து இறங்கும் பூசணியையும் வாழைத்தாரையும் பார்த்தவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள். பிறகு திருமங்கலம் தாண்டி அண்ணா நகர் டவர். நிலையத்தின் பெயர் டவர். அந்த டவரே ஒரு பொருட்காட்சி விட்டுச் சென்ற எச்சம். 1968 ஜனவரியில், நடுவக்கரை கிராமத்து வயல்வெளிகள் அண்ணா நகராக மாறிக்கொண்டிருந்த சமயத்தில், அங்கே உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தது. அதற்காகக் கட்டிய விசுவேசுவரய்யா கோபுரம் 135 அடி உயரம், பன்னிரண்டு நிலை. சுற்றிச் சுற்றி ஏறுகிற பாதை. உச்சியிலிருந்து பார்த்தால் கண்காட்சி முழுவதும் காலடியில். ஆசனம் கட்டாத ராட்டினம் என்றே அதைச் சொல்ல வேண்டும். பல்லாண்டு பூட்டிக் கிடந்து, 2023-இல் மறுபடி ஏறிப் பார்க்க அனுமதித்தார்கள். "நாம அங்கேயே இறங்கிடலாமா?" என்று பேரன் கேட்டான். படியேறுவது என் முழங்காலுக்கு ஒத்துவராது என்று சொல்லிச் சமாளித்தேன்.

சென்ட்ரலில் வெளியே வந்து நின்றால், சென்னைக் கண்காட்சிகளின் ஆதி க்ஷேத்திரம் எதிரே இருக்கிறது. ஆனால் அதைக் கண்ணால் காண முடியாது. கவர்னர் ஸர் சார்லஸ் டிரெவெலியன் 1859-இல் ஆரம்பித்து வைத்த பீப்பிள்ஸ் பார்க், 116 ஏக்கர் பரப்பில், குளங்களும் பாதைகளும் பாண்டு வாத்திய மேடையுமாக இருந்தது; பால்ஃபரின் மிருகங்களும் 1861-இல் அங்கே குடிபெயர்ந்தன. வருஷக் கடைசியில் அந்தத் தோட்டத்தில் நடக்கும் 'பார்க் ஃபேர்' தூரதூரத்திலிருந்து ஜனங்களை இழுத்தது. 1886 டிசம்பர் 31 அன்று, புத்தாண்டுக்கு முந்தைய அந்தத் தினத்தில், பந்தல்களில் பற்றிய தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். வேடிக்கை பார்க்க உடுத்திக்கொண்டு வந்தவர்கள். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். சென்னையின் துயரங்களைக் கணக்கெடுப்பவர்கள் புயலையும் எம்டன் குண்டையும் சொல்வார்கள். இதை ஏனோ சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதியில் 1900-இல் திறந்த மூர் மார்க்கெட்டும் 1985 மே 30 அன்று எரிந்து போயிற்று. மிருகங்கள் அதே ஆண்டில் திறந்த வண்டலூருக்குப் போய்விட்டன. ரயில் நிலையமும் விளையாட்டரங்கமும் ரிப்பன் மாளிகையும் பங்கு போட்டுக்கொண்டது போக மிஞ்சியதில் பூங்கா என்று சொல்லத்தக்கது கொஞ்சம்தான்.

இதற்கிடையே சீமையிலும் அமெரிக்காவிலும் ராட்டினம் பூதாகாரமாக வளர்ந்துவிட்டது. கொலம்பஸ் கடல் கடந்து போய் நானூறு ஆண்டு ஆனதைக் கொண்டாட 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்ற பாலம் கட்டும் இஞ்சினீயர் 264 அடி உயரச் சக்கரம் ஒன்றை நிறுத்தினார். பாரிஸ்காரர்களின் ஈஃபில் கோபுரத்துக்கு எதிராக ஏதாவது செய்தாக வேண்டும் என்ற ரோஷந்தான் காரணம். 36 கூண்டு, கூண்டுக்கு 60 பேர். ஒரே சமயத்தில் 2160 பேர் ஆகாயத்தில். அந்தக் கண்காட்சியில் விவசாயத்துக்கென்று தனி மாளிகையே இருந்தது. கானடா தேசத்தார் 22,000 ராத்தல் எடையில் ஒரே பாலாடைக்கட்டியைச் செய்து அனுப்பியிருந்தார்கள். பாலாடைக்கட்டியை இன்று யாரும் நினைப்பதில்லை. சக்கரம் மட்டும் ஊர் ஊராகப் பிள்ளை பெற்றுப் பெருகிவிட்டது. மூன்றே ஆண்டில் ஃபெர்ரிஸ் முப்பத்தேழு வயதில் காலமானார். 1906-இல் அவருடைய சக்கரத்தை வெடி வைத்துத் தகர்த்து இரும்பாக விற்றார்கள். எங்கள் தெருக் கிணற்று ராட்டினத்துக்கும் அதே கதிதான், வெடி மட்டும் இல்லை.

தீவுத்திடலுக்குள் நுழைந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. கூவத்தின் கைகளுக்கு நடுவே கிடக்கும் இந்த மைதானத்தில், எழுபதுகளிலிருந்து பொங்கலை ஒட்டி சுற்றுலாத் துறையார் நடத்தி வரும் பொருட்காட்சி, பார்க் ஃபேரின் வாரிசு என்று சொன்னால் தவறில்லை. வாசலிலிருந்து வரிசையாகச் சர்க்கார் அரங்குகள்: வேளாண்மை, கால்நடை, மீன்வளம், அறநிலையம், காவல். வேளாண்மை அரங்கில் சொட்டுநீர்க் குழாய்களின் மாதிரியை நான் சிரத்தையோடு பார்த்துக்கொண்டிருக்க, பேரன் என் கையை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தான். டெனிசனின் நீராவிக் கலப்பையைப் பார்க்க நின்ற குடியானவனின் கையையும் ஒரு பிள்ளை இப்படித்தான் இழுத்திருக்க வேண்டும். அங்கே நின்ற உத்தியோகஸ்தர் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்து, "போய்ட்டு வாங்க சார், நாங்க இங்கேதான் இருப்போம்" என்றார். பால்ஃபரின் சம்பிரதாயத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட மனிதர்.

அரங்குகளுக்கு அப்பால் வேறு உலகம். முறத்தளவு டெல்லி அப்பளத்தில் மிளகாய்ப்பொடி தூவி நீட்டுகிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நடப்பதே ஒரு வித்தை, காற்று ஒரு பக்கமும் கூட்டம் ஒரு பக்கமும் அதைக் கடிக்கப் பார்க்கும். ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று அதட்டுகின்றன. குடை ராட்டினம், டிராகன் ரயில், கப் அண்டு சாஸர், பிரேக் டான்ஸ். இவற்றின் நடுவே ஊஞ்சலாக ஆடும் கப்பல் ஒன்று. நம் ஊரில் அதற்குப் பெயர் கொலம்பஸ். இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு வேறெங்கோ போய்ச் சேர்ந்த அந்த மாலுமி, ஐந்து நூற்றாண்டு கழித்து ஒருவாறாகச் சென்னைக்கு வந்துவிட்டார். ஆனால் கரையிறங்க முடியாமல் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே அவர் பெயரால் நடந்த திருவிழாவில் பிறந்த சக்கரம்.

அதில் ஏறினோம். ராட்சத ராட்டினத்தில் கூண்டு கூண்டாக ஆள் ஏற்றுவதற்காக நிறுத்தி நிறுத்தித்தான் சுற்றுவார்கள். ஒரு பக்கத்துக் கூண்டு நிரம்பியதும் அடுத்ததை நிரப்பாமல், சக்கரத்தைத் திருப்பி எதிர்ப்பக்கத்துக் கூண்டைக் கீழே கொண்டுவந்து ஆள் ஏற்றினார் இயக்குகிறவர். மோட்டார் வந்தும் எதிர்ப் பெட்டிச் சட்டம் மாறவில்லை. "பெரியவரே, கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்று அவர் எச்சரித்ததை அவமதிப்பாகக் கொள்ளாமல் பிடித்துக்கொண்டேன். உச்சிக்குப் போனதும் சக்கரம் நின்றது. கூண்டு மெல்ல ஆடியது. கீழே விளக்குகள், ஒரு பக்கம் கோட்டை, அப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், கருத்துக் கிடந்த கடல். மற்றொரு பக்கம் 1839-இலிருந்து அங்கவடி இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ துரை. காலுக்குப் பிடிமானம் இல்லாமல் அத்தனை வருஷம் நிமிர்ந்திருக்கிறவரை அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது எனக்குப் புது மரியாதை உண்டாயிற்று. பேரன் பயப்படவில்லை. எங்கே வடபழனி என்று கேட்டான். மேற்கே, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த திசையைக் காட்டினேன்.

நகரத்தில் இப்பொழுது இதற்காக ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. 1995-இல் தாம்பரத்துக்கு அப்பால் கிஷ்கிந்தாவைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன், முதல் இந்திய முப்பரிமாணப் படத்தை எடுத்தவர். சினிமாவும் ராட்டினமும் ஒரே தொழில் என்று அறிந்தவர். 1835-இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்த கதீட்ரல் சாலை நிலத்தில், செடி விற்பனையும் மலர்க் கண்காட்சியுமாக இருந்த இடத்தில், 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில், கம்பியில் தொங்கிக்கொண்டு மரங்களுக்கு மேலே பறக்கிறார்கள். கொங்கு நாட்டில் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில், குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் ராட்டினங்கள் சுற்றுகின்றன. அங்கே மாடு வாங்க வந்தவர் ராட்டினத்தில் ஏறிவிட்டுப் போவதை யாரும் பிழையாகச் சொல்வதில்லை.

கடைசியாக மரணக் கிணற்றுக்குப் போனோம். பலகைகளை வட்டமாக நிறுத்திக் கட்டிய பெரிய பீப்பாய். வெளிப்புறப் படிகளில் ஏறி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அடியில் ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, தரையில் இரண்டு சுற்றுச் சுற்றி, சரிவில் ஏறி, பிறகு செங்குத்துச் சுவரில் படுக்கைவாட்டில் ஓடத் தொடங்கினார். பலகைகள் அதிர்ந்தன; நாங்கள் நின்ற மேடையும் அதிர்ந்தது; பெட்ரோல் புகை முகத்தில் அடித்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் பத்து ரூபாய் நோட்டை நீட்ட, ஓட்டுகிறவர் ஒரு கையை விட்டு, விளிம்புக்கு அடியில் பாய்ந்து வந்து அதைப் பறித்துக்கொண்டு போனார். கூட்டம் ஆரவாரம் செய்தது. பேரன் மட்டும் கழுத்தை நீட்டி, அடிப்பலகை வரையில் உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"கிணறுன்னு போட்டிருக்கு, ராட்டினத்தைக் காணோமே தாத்தா?" என்றான்.